டைட்டஸ் உபதேசியார் மிதித்த பத்து மாதம்

டைட்டஸ் உபதேசியாருக்குச் சைக்கிள் கிடைத்தபோது நாற்பத்தேழு வயது. அதுவரை நடைதான். பனையடிவிளை ஜெபவீடு ஒன்றுதான் அவர் பொறுப்பு. ஜெபவீட்டை ஒட்டி மிஷன் கட்டிக்கொடுத்த இரண்டு அறை வீட்டில் அவரும் மனைவி ராகேலும் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. கோழி நாலைந்து நின்றன. கிணற்றடியில் ராகேல் முருங்கை வைத்திருந்தாள். அவர்களுக்கென்று வேறே நிலமோ வீடோ எங்கும் கிடையாது.

1932 கடைசியில் சீமையிலிருந்து வரும் உதவி குறைந்துபோயிற்று. உபதேசியார்களில் பாதிப்பேரை நிறுத்தினார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு மூன்று மூன்று ஊராகப் பிரித்துக் கொடுத்தார்கள். டைட்டஸுக்குப் பனையடிவிளையோடு ஈத்தவிளையும், இராஜாக்கமங்கலம் பக்கம் கடலை அடுத்த உப்பளத்துவிளையும் சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழுக்கு ஓர் ஊர், பத்தரைக்கு அடுத்த ஊர், மாலை மூன்றுக்குக் கடைசி ஊர். நடந்து ஆகிற காரியம் இல்லை என்பதால், ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரை விட்டுச்சென்ற சைக்கிளை அவரிடம் கொடுத்தார்கள். கொடுக்கும்போதே நாகர்கோவில் ஐயர், அதாவது உபதேசியார்களுக்கு மேலே இருந்த பாதிரியார், ஒன்று சொல்லி அனுப்பினார். மூன்று ஊரையும் நேரத்துக்குப் பார்க்க முடிந்தால் டைட்டஸ் இருக்கலாம். மூன்று தரம் பிந்தினார் என்று சபைப் பெரியவர்களான மூப்பர்மார் எழுதினால் வாலிபன் ஒருவனைப் போட வேண்டிவரும். வேலை போனால் வீடும் போகும் என்பதை ஐயர் சொல்லவில்லை. அதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதும் இல்லை.

தென்னந்தோப்புக்குள் ஒரு மாதம் விழுந்து எழுந்து டைட்டஸ் சைக்கிள் படித்தார். சமதரையில் நன்றாகவே ஓட்டினார். இறக்கம்தான் பயம். பனையடிவிளையிலிருந்து புறப்பட்டால் சாலை ஒரே இறக்கமாகக் குளத்தங்கரைக்கு வரும். மடைக்குப் பக்கத்தில் சட்டென்று திரும்பும். அங்கே பிரேக் பிடிக்காவிட்டால் நேரே தண்ணீர்தான். அவருக்கு நீச்சல் தெரியாது.

அந்தச் சைக்கிளுக்குக் கம்பி பிரேக். கைப்பிடியை அழுத்தினால் கம்பி இழுக்கும். லாடம்போல் வளைந்த ஒரு இரும்பு சக்கரத்தின் இரண்டு பக்கத்தையும் அணைத்துக்கொண்டு நிற்கும். அதன் இரண்டு முனையிலும் உள்ள ரப்பர் கட்டைகள் எழும்பி ரிம்மைப் பிடிக்கும். அழுத்தாதபோது இரண்டு கட்டையும் ரிம்மிலிருந்து ஒரே அளவு விலகி நிற்க வேண்டும். லாடம் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ஒரு கட்டை எப்போதும் உரசும், மற்றது எப்போதும் எட்டாது.

இதைச் சரியாக வைப்பதில் எங்கள் பக்கத்தில் ரசலையனுக்கு மிஞ்சின கை இல்லை. முச்சந்தியில் ஓலைச் சாய்ப்பு போட்ட கடை. அவன் பனையோலைக் கீற்று இரண்டு ஒரே கனத்தில் நறுக்கி, கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று செருகுவான். லாடத்தை ஓலையோடு சேர்த்து அணைத்து நட்டை முறுக்குவான். பிறகு ஓலைகளை உருவிவிட்டுச் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிடுவான். அது சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே நிற்கும். தாலுகா உத்தியோகஸ்தர்களின் சைக்கிள்கூட அவனைத் தேடித்தான் வந்தது. அவனும் எங்கள் சபைக்காரன்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். நல்ல குரல்.

டைட்டஸிடம் ஒரு பழக்கம் இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு இராப்போஜனம், அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்து. அந்த மேசைக்குப் போகிறவன் தன்னுடையவை எல்லாவற்றையும் ஒழுங்காக்கிக்கொண்டு போக வேண்டும் என்பார். முந்தின நாள் சனிக்கிழமை வேட்டி வெளுப்பார், நகம் வெட்டுவார், யாரிடமாவது மனவருத்தம் இருந்தால் போய்ச் சமாதானம் பேசுவார். சைக்கிள் வந்த பிறகு அதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அந்தச் சனிக்கிழமை காலையில் ரசலையன் கடைக்கு வந்து பிரேக்கைப் பார்க்கச் சொல்வார். பார்க்கச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கமாட்டார். குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியை உற்றுப் பார்ப்பார். நாலு பேர் இருக்கும்போது அப்படிப் பார்ப்பது ரசலையனுக்குப் பிடிக்கவில்லை.

1933 பிப்ரவரியில் வந்த அப்படியொரு சனிக்கிழமை. கடை பெஞ்சியில் தாணுமாலயன் இருந்தார். பண்ணையில் காரியம் பார்க்கிறவர், காலையில் பேப்பர் வாசிக்க அங்கேதான் வருவார். அவர்தான் இதையெல்லாம் பிற்பாடு எனக்குச் சொன்னது.

"பின்சக்கரத்துல எடது பக்கம் கொஞ்சம் வெலகி நிக்குதோ, ரசலையா?" என்றார் டைட்டஸ்.

"ஓல வச்சு முறுக்கினது, உபதேசியாரே. வெலகி நிக்கது உம்ம கண்ணு."

"கோவப்படாண்டாம் தம்பி. எறக்கத்துல பிடிக்காம போச்சுன்னா நான் கொளத்துல கெடப்பேன். அதுக்காக்கும் கேக்கேன்."

"பிடிக்கணும், அவ்வளவுதானே?"

"பிடிக்கணும். எப்பவும் பிடிக்கணும்."

"செரி. எப்பவும் பிடிக்கும்," என்றான் ரசலையன்.

டைட்டஸ் தண்ணீர் குடிக்கப் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போனார். ரசலையன் பின்சக்கரத்தின் வலது பக்கத்தில் இரண்டு ஓலையையும் சேர்த்துச் செருகினான். இடது பக்கத்தில் ஒன்றும் வைக்கவில்லை. பழைய லாரி டயரில் நறுக்கின கட்டி ரப்பரை இடது முனையில் மாட்டி, ரிம்மை முத்தமிடுகிறாற்போல் அணைத்து முறுக்கினான். சக்கரத்தைச் சுற்றினான். ஒன்றரைச் சுற்றில் நின்றது. தாணுமாலயன் பேப்பரால் வாயை மூடிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் திரும்பி வருவார், பார்த்துக்கொள்ளும் என்று ரசலையன் சொன்னான். அவனுக்கு வேண்டியதெல்லாம் டைட்டஸ் வந்து, நீ முதலில் வைத்ததுதான் சரி என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும் என்பதுதான்.

திரும்பி வந்த டைட்டஸ், அவனை மறுபடி கோபப்படுத்த வேண்டாம் என்று குனிந்து பார்க்கவில்லை. அன்றைக்குச் சைக்கிளில் ஏறவும் இல்லை. உருட்டிக்கொண்டு ஈத்தவிளைக்குப் போய், ஒரு சுகவீனக்காரரைப் பார்த்துவிட்டு உருட்டிக்கொண்டே வந்தார். இராப்போஜனத்துக்கு முந்தின நாள் ஏறி ஓட்டுவதில்லை என்று அவரே வைத்துக்கொண்ட ஓர் ஒழுங்கு. தள்ளுகிறபோது கனத்திருக்கும். மணல் என்று நினைத்திருப்பார். அன்று சாயங்காலம் வீட்டில் ஜெபம் பண்ணும்போது, மனதில் பல நாளாகக் கிடந்த ஒன்றைச் சொல்லி அழுதாராம். சைக்கிள் ஓட்டத் தொடங்கினதிலிருந்து எனக்குப் பெருமை வந்துவிட்டது, வழியில் பெண்கள் ஒதுங்கி நிற்கும்போது உள்ளே ஒரு சந்தோஷம் வருகிறது, சுமைகாரர்களைத் தாண்டும்போது மணியை வேண்டாமல் அடிக்கிறேன், இதை என்னிடமிருந்து நொறுக்கிப்போடும் என்று கேட்டார். ராகேல் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள்.

மறுநாள் காலையில் ஏறி மிதித்தார். சைக்கிள் வரவில்லை.

இறக்கத்தில்கூட மிதிக்க வேண்டியிருந்தது. மடை திருப்பத்தில் பிரேக்கைத் தொடாமலே நின்றது. ஈத்தவிளைக்குப் போய்ச் சேர்ந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. மத்தியானம் வீட்டுக்கு வந்தவர் காய்ச்சல் தெளிந்த பிள்ளையைப் போலச் சிரித்துக்கொண்டு, கர்த்தர் ஒரே ராத்திரியில் பதில் கொடுத்துவிட்டார் என்று ராகேலிடம் சொன்னார். பெருமை இருந்த இடத்திலேயே பாரத்தை வைத்துவிட்டார் என்றார்.

ரசலையன் சனிக்கிழமை சாயங்காலம்வரை காத்திருந்தான். திங்கட்கிழமையும் காத்திருந்தான். டைட்டஸ் கடைக்கு முன்னால் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டு போனார். கையெடுத்து ஸ்தோத்திரம் சொன்னார், நிற்கவில்லை. அடுத்த மாதச் சனிக்கிழமை வழக்கம்போல வந்தார், ஆனால் குந்தி உட்கார்ந்து பார்க்கவில்லை.

"பிரேக்கு எப்படி, உபதேசியாரே?"

"ரொம்ப நல்லாருக்கு தம்பி. அப்படியே இருக்கட்டும். தேஞ்சிருந்தா மட்டும் பாரு."

பெஞ்சியில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பினார்கள். கட்டை தேய்ந்துதான் இருந்தது. ரசலையன் புதுக் கட்டை மாட்டி, இன்னும் கொஞ்சம் நெருக்கி முறுக்கினான். அதற்குப் பிறகு அது வழக்கமாகிப்போயிற்று. மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் கடையில் இடம் கிடைக்காது. சிலுவை ஏற்றுகிற நாள் என்று ரசலையன் அதற்குப் பேர் வைத்தான். எத்தனை சுற்றில் சக்கரம் நிற்கும் என்று பந்தயம் பேசுவார்கள். டைட்டஸ் போனபிறகு ஒருவர் அவரைப்போல் கழுத்தை நீட்டி மிதித்துக் காட்டுவார்.

டைட்டஸுக்கு இதில் வேறொரு விளக்கம் கிடைத்திருந்தது. முதல் ஞாயிறு அன்று பாரம் அதிகமாக இருக்கிறது, மாதம் போகப்போகக் குறைகிறது, மறுபடி இராப்போஜனத்தன்று ஏறுகிறது. ரப்பர் தேய்வதும் புதிது மாட்டுவதும் அவருக்குத் தோன்றவில்லை. மேசைக்கு அருகில் வரும்போது கர்த்தர் பாரத்தைப் புதுப்பிக்கிறார், நான் மறக்கத் தொடங்கினதும் அது லேசாகிப்போகிறது என்று கண்டுகொண்டார். லேசாக இருக்கும் நாட்களில் அவருக்குத் துக்கமாக இருந்தது.

உடம்பு இதையெல்லாம் கேட்குமா? ஜூன் மாதம் கடல்காற்று எதிரே அடிக்கத் தொடங்கியபோது முட்டு இரண்டும் வீங்கின. உப்பளத்துவிளையில் மூப்பர் சத்தியநேசன் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஜெபவீட்டு வாசலில் நிற்பார். ஜனங்கள் உள்ளே பாடிக்கொண்டே இருப்பார்கள். ஜூலையில் ஒருநாள் நாற்பது நிமிஷம் பிந்தினார். மூப்பர் எழுதி அனுப்பினார். செப்டம்பரில் இரண்டாவது தரம் எழுதினார். எழுதினதை டைட்டஸிடம் வாசித்தும் காட்டினார். இனி ஒன்றுதான் பாக்கி என்பது மூன்று ஊருக்கும் தெரிந்துபோயிற்று.

ஒருநாள் மழையில் நனைந்து வந்தவர் கையிலிருந்து ராகேல் சைக்கிளை வாங்கித் தாழ்வாரத்துக்குத் தள்ளினாள். தள்ளிப் பார்த்தவள் நின்றுவிட்டாள்.

"இது என்ன, உருள மாட்டேங்கு? யாருக்கிட்டயாவது கொண்டு காட்டுங்க."

"காட்டினா அது முறுமுறுப்பு, ராகேலு. கேட்டு வாங்கின பாரத்த எறக்கிவைக்கச் சொல்லலாமா?"

"நீங்க கேட்டது பெருமைக்கு. முட்டுக்கு எண்ணெ தேய்க்கது நானாக்கும். வேல போச்சுன்னா நாம எங்க போவோம்?"

அவருக்கும் அந்தப் பயம் இருந்தது. பயம் இருந்ததனாலேயே அதைக் கேட்கக் கூடாது என்று இருந்தார். வேலைக்காகப் பாரத்தை இறக்குகிறவன் கர்த்தரைவிட வீட்டை நேசிக்கிறான் என்று தமக்குத்தாமே தீர்ப்புச் செய்துகொண்டார்.

அக்டோபர் சனிக்கிழமை, டைட்டஸ் நொண்டிக்கொண்டு போனதைப் பார்த்துத் தாணுமாலயனுக்கே மனம் கேட்கவில்லை. "போரும்டே ரசலையா, இளக்கி விடு. மனுசன் வேல போயிரும்போல இருக்கு," என்றார்.

"ஒரு வார்த்த கேக்கட்டும். பாரமா இருக்குன்னு ஒத்த வார்த்த. அந்தாலயே செரியாக்கித் தாறேன்," என்றான் ரசலையன். "கேக்காத ஆளுக்கு நான் எதுக்குச் செய்யணும்?"

அவன் மனதிலும் அது விளையாட்டாக இல்லை என்று தாணுமாலயன் சொன்னார். எட்டு மாதம் ஒருவனை இப்படி மிதிக்கவிட்ட பிறகு, கேட்காமல் இளக்கிவிட்டால் எட்டு மாதமும் தன் தலையில் விழும். கேட்டால் கேட்டவன் தலையோடு போகும். ஆகவே நவம்பரில் முன்னிலும் இறுக்கினான்.

நவம்பர் கடைசியில் உப்பளத்துவிளையில் அறுப்பின் பண்டிகை. வாழைக்குலையும் தேங்காயும் நெற்கதிருமாக ஜெபவீடு நிறைந்திருந்தது. நாகர்கோவிலிலிருந்து ஐயரே வந்து உட்கார்ந்திருந்தார். டைட்டஸ் ஒருமணி நேரத்துக்கும் மேலே பிந்தி வந்தார். வாசலில் இறங்கும்போது கால் தாங்காமல் சைக்கிளோடு விழுந்தார். முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். ஐயர் சிரிக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் ஒரு காகிதம் எழுதச் சொல்லி டைட்டஸ் முன்னால் வைத்தார். சரீர பலவீனத்தினிமித்தம் ஊழியத்திலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று அதில் இருந்தது. டைட்டஸ் கையெழுத்துப் போட்டார். கிறிஸ்மஸுக்கு முன்னே வீட்டைக் காலிசெய்ய வேண்டும் என்று மூப்பர் சொன்னார்.

புது உபதேசியார் ஜெயசிங்குக்கு இருபத்து நாலு வயது. டிசம்பர் முதல் சனிக்கிழமை சைக்கிளை அவனிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. சபைச் சொத்தை ஒழுங்காக ஒப்படைக்க வேண்டும் என்று டைட்டஸ் அவனை ரசலையன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழியில் அவனுக்கு ஆறுதலாகச் சொன்னார், இந்தச் சைக்கிளில் ஒரு பாரம் உண்டு, மனம் தளராதே என்று.

ரசலையன் டைட்டஸின் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினான். லாரி ரப்பரைக் கழற்றி எறிந்தான். புதுக் கட்டை இரண்டு மாட்டி, இந்தப் பக்கம் ஓர் ஓலை அந்தப் பக்கம் ஓர் ஓலை வைத்து முறுக்கினான். வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை. ஜெயசிங் ஏறிக் குளத்தங்கரைவரை போய்விட்டுத் திரும்பி வந்தான்.

"நல்ல லேசாட்டு ஓடுதே, உபதேசியாரே. பாரம்னு சொன்னீரே?"

டைட்டஸ் கையைக் கூப்பினார். பாரம் தமக்காக மட்டும் வைக்கப்பட்டது, தம்மோடு அது முடிந்துவிட்டது, பிள்ளையின்மேல் அதை வைக்கவில்லை என்று சத்தமாகவே கர்த்தரைத் துதித்தார். கண்ணீர் வழிந்தது. பெஞ்சியில் இருந்த ஒருவனுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. ஒருவன் சிரித்தால் போதுமே. டைட்டஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தாணுமாலயன்தான் எழுந்து வந்து, கீழே கிடந்த லாரி ரப்பரை எடுத்துக் காட்டி, நடந்ததை எல்லாம் சொன்னார். சொல்லாமல் விடுவதைவிட அது நல்லது என்று அவருக்கு அப்போது தோன்றியதாம்.

"நீரு கேக்கல்லியே," என்றான் ரசலையன்.

டைட்டஸ் அவனைக் குற்றம் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் கேட்டார்.

"முதல்ல வச்சது என்னைக்கு, தம்பி?"

"பிப்ரவரி மாசம். ராப்போஜனத்துக்கு முந்தின சனிக்கெழம."

"காலையிலயா, சாயங்காலமா?"

"காலையில. நீரு தண்ணி குடிக்கப் போனீரே, அப்ப."

அவர் ஜெபம் பண்ணினது அன்று சாயங்காலம். டைட்டஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜெயசிங் கைகொடுத்துத் தூக்கினான்.

ராகேல் கேட்டதும் அழவில்லை. இது நல்ல காரியம் அல்லவா என்றாள். பிந்தினது உங்கள் பலவீனத்தினால் அல்ல, பிரேக்கினால் என்று இப்போது வெளிப்பட்டுவிட்டது, ஐயரிடம் போய்ச் சொல்லுங்கள், வேலையைத் திரும்பக் கொடுப்பார், காகிதத்தைக் கிழித்துப்போடுவார் என்றாள். டைட்டஸுக்குப் போக மனமில்லை. அவள் விடவில்லை. வெளுத்த வேட்டியை எடுத்துக் கொடுத்தாள். திங்கட்கிழமை விடியுமுன்னே புறப்பட்டு, வீங்கின முட்டோடு நாகர்கோவிலுக்கு நடந்தார்.

ஐயர் நல்ல மனிதர். நாற்காலி போடச் சொன்னார். டைட்டஸ் ஒன்றையும் மறைக்கவில்லை. பெருமை வந்ததையும், ஜெபம் பண்ணினதையும், பாரம் வந்ததையும், அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டதையும், மனைவி சொன்னபோது முறுமுறுப்பு என்று சொன்னதையும், லாரி ரப்பரையும் சொன்னார். ரசலையனைக் கண்டிக்கிறேன் என்றார் ஐயர்.

"உபதேசியாரே, பலவீனம் என்று எழுதச் சொன்னேன். அது பொய்யாய்ப் போயிற்று. ஆனால் நீர் சொன்னது அதைவிட மோசமாக இருக்கிறது," என்றார். "பத்து மாதம் ஒரு ரப்பர் துண்டு உரசியிருக்கிறது. குனிந்து பார்க்காமல், கர்த்தர் என்றீர். நாளைக்கு ஒரு வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த வீட்டாரையும் குனிந்து பார்க்கவிடமாட்டீர். மூன்று ஊர் ஜனங்களை உம்மிடம் நான் எப்படி விடுவேன்?"

டைட்டஸ் யோசித்துப் பார்த்தார்.

"அது செரிதான், ஐயரே," என்றார்.

ஐயர் அவருக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார். குடித்துவிட்டு நடந்தே திரும்பினார்.

இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே ராகேலின் தம்பிக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. அதில் தேங்காய் போட்டுவைக்கிற சாய்ப்பை ஒழித்துக் கொடுத்தார்கள். கோழிகளைக் கூடையில் போட்டுக்கொண்டு, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இருவரும் போனார்கள். முருங்கையைப் பிடுங்க முடியாது, விட்டுவிட்டார்கள். தோப்பில் மட்டை பொறுக்குவதும் அணில் விரட்டுவதும் அவர் வேலை. தம்பி மனைவி கஞ்சி ஊற்றும்போது, ஊழியம் செய்த கையல்லவா, கொஞ்சம் தாராளமாக ஊற்றுகிறேன் என்று பிள்ளைகளுக்குக் கேட்கும்படி சொல்வாள்.

நாலு வருஷம் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவார், பின்னால் உட்கார்வார். அக்கம்பக்கத்தில் யாருக்காவது சுகமில்லாமல் போனால், பழைய உபதேசியார் இருக்கிறாரே என்று ஜெபம் பண்ணக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் போவார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கண்ணை மூடுவார். கொஞ்ச நேரம் கழித்து, தொண்டை அடைத்திருக்கிறது, ராகேல் ஜெபிக்கட்டும் என்பார். தொண்டைக்கு ஒன்றுமில்லை என்பது ராகேலுக்குத் தெரியும். அவளே ஜெபிப்பாள்.